தீயணைத்த தண்ணீர் எங்கே போயிற்று?

சித்திரை மாதத்து வெயில் தாழ்ந்து, தாமிரவருணியின் மேல் மெல்லிய காற்று உலாவத் தொடங்கும் நேரம். முக்கூடலில் முத்துமாலை அம்மன் கோயிலை அடுத்த படித்துறையில் நாலைந்து பெரியவர்கள் குளித்துவிட்டுத் துணி பிழிந்து கொண்டிருக்கிறார்கள். அப்போது, "படப்பு பத்திக்கிட்டுது! ஓடியாங்க!" என்று கூக்குரல் எழுகிறது. பிசான அறுவடை முடிந்து, களத்து மேட்டில் மலைபோல் குவித்து வைத்திருந்த வைக்கோற் படப்பின் உச்சியில் புகை கிளம்பிவிட்டது. குடம், வாளி, அண்டா என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரே ஓடுகிறது. வாய்க்காலிலிருந்து களம் வரையில் ஆணும் பெண்ணும் வரிசையாய் நின்று வாளியைக் கைமாற்றுகிறார்கள். சற்று நேரத்தில் மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டியும் வந்து சேருகிறது. தீ அடங்குகிறது. பாதிப் படப்பு கரியாகிவிட்டாலும் பக்கத்து வீடுகள் தப்பின என்று ஊரார் பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கோடைதோறும் எங்கேனும் ஓரிடத்தில் நடக்கக்கூடிய சம்பவந்தான் இது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால், கூட்டத்தில் நின்ற ஒரு சிறுவன் தன் பாட்டனாரின் வேஷ்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, இவ்வளவு தண்ணி ஊத்தினாங்களே, அதெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "எங்கேலே போகும்? ஆத்துக்குத்தான்" என்று தாத்தா சொல்லுவார்.

கேள்வி சிறியது, பதிலும் சிறியதுதான். ஆனால் உலகத்தில் பெரிய பட்டணங்களின் தீயணைப்புப் படைகளெல்லாம் சென்ற நாற்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் மண்டையை உடைத்துக் கொண்டிருக்கின்றன. தீயை அணைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அணைத்த பிறகு அது எங்கே போகிறது? தாமிரவருணிக் கரையில் குடியிருக்கும் நமக்கு இவ்விரண்டையும் விசாரிப்பது அவசியமாகும்.

இரண்டு முக்கூடல்

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளுப் பிரபந்தத்தினால் தமிழுலகில் புகழ் பெற்ற முக்கூடல், இன்று அப்பெயரால் வழங்கும் பேரூர் அன்று. அது திருநெல்வேலிக்குக் கிழக்கே, சீவலப்பேரிக்கு அருகில், சிற்றாறு தாமிரவருணியோடு கலக்கும் இடம். நாம் இப்போது நின்ற முக்கூடலோ நகரத்துக்கு மேற்கே, ஆற்றின் மேல் போக்கில் இருக்கிறது. பீடித் தொழிலால் பலரும் அறிந்த ஊர்.

ஒரு பெயர், இரண்டு ஊர்கள், நடுவே ஒரு நகரம். மேல் முக்கூடலைத் தொட்டுக்கொண்டு போகும் நீர் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் கடந்துதான் கீழ் முக்கூடலை அடைகிறது. மேலே இருந்த தெளிவு கீழே இருக்கிறதா என்பதே ஒரு நகரத்தின் ஒழுக்கத்தை அளக்கும் கோல். அந்நகரத்தில் எரிவதும், எரிந்ததை அணைப்பதும் கூட அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

1908

நெல்லைக்கும் தீக்கும் சரித்திரத்தில் ஒரு தொடர்பு உண்டு. 1908-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்ட செய்தி பரவியதும், 13-ஆம் தேதி திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். நகராட்சிக் காரியாலயம், போலீஸ் நிலையம் முதலியவற்றோடு மண்ணெண்ணெய்க் கிடங்கும் தீக்கு இரையாயிற்று. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்களும் போயின. அந்நாளில் நெல்லையில் மோட்டார் வண்டி ஏறி வந்து தீயணைப்பார் ஏது? எண்ணெய் எரிந்து தீர்ந்தால்தான் தீ அணையும் என்ற நிலைமை.

தமிழ் நாட்டுத் தீயணைப்புப் படையின் சரித்திரம் சென்னைப் பட்டணத்தில் தொடங்குவதும் அதே 1908-இல்தான். அதற்குப் பின் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1944 ஏப்ரல் 14-ஆந் தேதி, பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் தீப்பற்றியது. அதில் பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும் ஒன்றாய் ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்கச் சென்ற படை வீரர்கள் கப்பல் வெடித்தபோது அங்கேயே மாண்டார்கள். உயிர் நீத்த வீரர் 66 பேர். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரையில் தேச முழுதும் தீத்தொண்டு வாரம் அனுஷ்டிக்கப்படுகிறது. தெருவில் சிவப்பு வண்டி மணியடித்துப் போகும்போது ஒதுங்கி வழி விடுகிற நாம், அவ்வண்டியில் இருப்பவர்கள் எதை எதிர்நோக்கிச் செல்கிறார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சாதாரணத் தீயணைப்பு வண்டி ஒன்று சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் சுமந்து வருகிறது. கேட்பதற்குப் பெரிதாயிருக்கும். ஆனால் பெரிய குழாயைத் திறந்துவிட்டால் சில நிமிஷங்களில் தீர்ந்துபோகும். அப்புறம்? பக்கத்தில் குளமோ, வாய்க்காலோ, கிணறோ இருக்க வேண்டும். ஆகவே தீயணைப்புப் படைக்கு முதல் ஆயுதம் வண்டி அன்று, ஊர் நீர்நிலையே.

இந்த விஷயத்தில் நம் முன்னோர் செய்து வைத்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரவருணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்றவை அதற்கு முன்பே இருந்தவை. முக்கூடலுக்கு அருகில் இருக்கும் அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் காலும், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாயும், பழவூரிலிருந்து பாளையங் கால்வாயும் பிரிந்து, குளத்துக்குக் குளம் நிரப்பிக்கொண்டு போகின்றன. வயலுக்காக வெட்டிய கால் ஊரைக் காக்கவும் உதவிற்று. குளம் நிறைந்த ஊரில் தீக்குப் பயமில்லை. குளத்தைத் தூர்த்து வீட்டு மனையாக்கிய ஊரிலோ, வண்டி மறுபடி தண்ணீர் நிரப்பப் பல மைல் ஓட வேண்டியிருக்கிறது. அது திரும்பி வருவதற்குள் கூரையும் இருக்காது, சுவரும் இருக்காது.

இரண்டாவது விஷயம், உள்ள தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது. தண்ணீர் தீயை எப்படி அணைக்கிறது? பெரும்பாலும் உஷ்ணத்தை உறிஞ்சித்தான். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஓரளவு உஷ்ணம் வேண்டும். கொதித்த நீர் முழுவதும் ஆவியாவதற்கோ அதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் உஷ்ணம் வேண்டும். மேலும், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு, தீயின் மேல் காற்றுப் படாமல் விலக்குகிறது. ஆகவே, ஆவியாகும் தண்ணீரே முழுதும் வேலை செய்யும் தண்ணீர். ஆவியாகாமல் தரையில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு வீண் செலவு.

இந்த உண்மையை அறிந்து, நீரைப் பனிபோல் நுண்துளியாக்கி வீசும் கருவிகள் வந்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளி ஒன்றை, அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளிகளாக உடைத்தால் ஆயிரம் துளிகளாகும். தண்ணீரின் அளவு அதேதான்; ஆனால் தீயைத் தொடும் பரப்பு பத்து மடங்கு! அறைக்குள் எரியும் தீக்குக் கொஞ்சம் தண்ணீரே போதுமானதாகி விடுகிறது. ஆயினும் எல்லாத் தீக்கும் இது உதவாது. வைக்கோற் படப்பைப் போல உள்ளுக்குள் கனன்று கொண்டிருக்கும் தீயைப் பிரித்துப் போட்டு நனைத்தால்தான் ஆறும்.

படை வீரர்கள் தினந்தோறும் பயிற்சி செய்யும்போது வீசுகிற தண்ணீரும் உண்டு. அதைத் தொட்டியில் பிடித்து மறுபடியும் உபயோகிப்பது, நிலையத்தின் கூரை மழையைச் சேமிப்பது ஆகியவை கடினமான காரியங்கள் அல்ல. தமிழ் நாட்டில் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேமிப்பு 2003-ஆம் வருஷத்திலேயே கட்டாயமாக்கப்பட்டது. தண்ணீரை நம்பிப் பிழைக்கும் ஸ்தாபனம் தண்ணீரை மதிப்பதில் ஊருக்கு வழிகாட்டியாய் இருக்க வேண்டியது நியாயந்தானே?

தண்ணீர் எங்கே போகிறது?

இனி, சிறுவன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

1986-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆந் தேதி விடியற்காலத்தில், ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில் பாஸல் நகரத்தின் அருகே, ஸாண்டோஸ் கம்பெனியின் இரசாயனக் கிடங்கு ஒன்று தீப்பற்றி எரிந்தது. அதில் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட பூச்சி மருந்து முதலிய சரக்குகள் இருந்தன. தீயணைப்புப் படையினர் வீரத்துடன் போராடித் தீயை அணைத்தார்கள். ஆனால் அவர்கள் கொட்டிய தண்ணீர் அத்தனையும் விஷத்தைக் கரைத்துக்கொண்டு ரைன் நதியில் போய் விழுந்தது. நதி செந்நிறமாக ஓடிற்று. விலாங்கு மீன்கள் இலக்ஷக் கணக்கில் செத்து மிதந்தன. கீழ்க்கரையில் ஜெர்மனி, ஹாலந்து தேசங்களில் ஆற்று நீரைக் குடிக்க எடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். தீ ஓர் இரவில் அணைந்தது. நதியின் காயம் ஆற வருஷங்கள் சென்றன.

அடுத்த வருஷமே, 1987 மே மாதத்தில், அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் ஒரு பெரிய வர்ணக் கிடங்கு தீப்பற்றியது. அந்தக் கிடங்கின் அடியில்தான் நகரத்துக்குக் குடிநீர் தரும் நிலத்தடி ஊற்று. தண்ணீரைக் கொட்டினால் வர்ணமும் கரைப்பானும் ஊற்றில் இறங்கும். லக்ஷக் கணக்கான ஜனங்கள் குடிக்கும் நீர் கெடும். டேட்டன் தீயணைப்புப் படையார் என்ன செய்தார்கள் தெரியுமா? அக்கம்பக்கத்தைக் காத்துக்கொண்டு, "கிடங்கு எரிந்து போகட்டும்" என்று விட்டுவிட்டார்கள்! தீயை அணைப்பதற்கென்றே பிறந்த ஒரு படை, கையில் குழாயும் குழாயில் தண்ணீரும் இருக்க, எரிகிற கிடங்கை நாள் கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்பதென்றால் அதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்! சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். ஊற்று போனால் எங்கே வாங்குவது? இதுவே அவர்கள் போட்ட கணக்கு. புகையினால் கேடு இல்லையா என்றால், உண்டு. இரண்டு கேடுகளில் எது சிறியது என்று அந்த நேரத்தில் நிறுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

இவ்விரண்டு சம்பவங்களுக்குப் பிறகு, அபாயகரமான சரக்குகளை வைத்திருக்கும் கிடங்கைச் சுற்றி, தீயணைத்த தண்ணீரைத் தேக்கி வைக்கத் தொட்டி கட்ட வேண்டும் என்னும் வழக்கம் பல தேசங்களில் வேரூன்றியது. தாமிரவருணியை நம்பித் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் ஊர்கள் தாகந் தீர்க்கின்றன. கரையோரத்துக் கிடங்கு ஒவ்வொன்றிலும் என்ன சரக்கு இருக்கிறது, அதில் தண்ணீர் பட்டால் அத்தண்ணீர் எந்த வாய்க்காலில் இறங்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது, ஒரு புது வண்டி வாங்குவதைக் காட்டிலும் மலிவு, பயனோ பெரிது.

மருந்தே விஷமானால்?

தண்ணீரால் அணைக்க முடியாத தீயும் உண்டு. எண்ணெய்த் தீயில் தண்ணீரைக் கொட்டினால் எண்ணெய் மேலே மிதந்து பரவும். மின்சாரத் தீயில் குழாய் பிடித்தவருக்கே அபாயம். இவற்றிற்காக விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மருந்துகள் சில, பின்னால் வேறொரு வியாதியைக் கொண்டுவந்தன.

'ஹாலோன்' என்று ஒரு வாயு. தீயை நொடியில் அணைக்கும், மின்சாரக் கருவிகளுக்குச் சேதமில்லை, ஈரமும் இல்லை. அற்புதம் என்று உலகம் கொண்டாடிற்று. ஆனால் அது வானத்தில் ஏறி, சூரியனின் கொடிய கிரணங்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓஸோன் போர்வையை அரித்து வந்தது. குளிர்ப்பெட்டிகளில் பயன்பட்ட வாயுவைப்போல் பத்து மடங்கு கேடு விளைவிக்கக் கூடிய ஹாலோன் வகையும் இருந்தது. 1987-இல் மாண்ட்ரீல் நகரத்தில் தேசங்கள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. செல்வ நாடுகள் 1994-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஹாலோன் உற்பத்தியை நிறுத்தின. இந்தியா உள்ளிட்ட மற்ற நாடுகளுக்கு 2010 வரையில் தவணை. உலகம் ஒன்றுகூடி ஒரு தவறைத் திருத்திக்கொண்ட அபூர்வமான சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

எண்ணெய்த் தீயின் மேல் போர்வை போல் படரும் நுரையின் கதையும் இப்படித்தான். அந்நுரையில் சேர்த்த புளோரின் இரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் மக்காமல் என்றென்றும் தங்குகின்றன. மனித இரத்தத்திலும் சேருகின்றன. விமான நிலையங்களிலும் பட்டாளத் தளங்களிலும் பயிற்சிக்காகத் தெளித்த நுரையால் சுற்றுப்புறக் கிணறுகள் கெட்டுப்போனதைப் பல தேசங்கள் காலங்கடந்து அறிந்தன. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவ்வகை இரசாயனங்களுள் முதலாவதொன்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. புளோரின் கலவாத நுரைகள் இப்போது கிடைக்கின்றன. ஆகவே, பயிற்சிக்கு வெறும் தண்ணீரோ தீங்கற்ற நுரையோ உபயோகிப்பதும், பழைய நுரை டப்பாக்களைச் சாக்கடையில் கொட்டாமல் இருப்பதும் ஒரு படை செய்யக்கூடிய முதல் புண்ணியம்.

தீயணைப்போரின் உடம்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் வரிசையில் சேர்த்தது. புகையும் மசியும் அங்கியில் ஒட்டிக்கொண்டு நிலையத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் வருகின்றன. சுவாசக் கருவியும், அங்கியைத் துவைக்கத் தனி வசதியும் ஆடம்பரம் அல்ல, உயிர்க் காப்பு.

குப்பை மேட்டில் எரியும் தீ

இவ்வளவு தூரம் ரைன் நதி, ஓஹையோ என்று சுற்றினோம். இனி நம் ஊருக்குத் திரும்புவோம்.

திருநெல்வேலி நகரத்தின் குப்பையெல்லாம் பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் ராமையன்பட்டிக் கிடங்கு. அது பல தடவை தீப்பற்றிப் புகைந்து, சுற்று வட்டாரத்தார் கண்ணெரிச்சலிலும் மூச்சுத் திணறலிலும் வருந்தியிருக்கிறார்கள். நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் அன்று இது. 2022 ஏப்ரலில் சென்னையில் பெருங்குடிக் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தது. 2024 ஏப்ரலில் கோயம்புத்தூர் வெள்ளலூரில் அதே காட்சி. 2023 மார்ச்சு 2-ஆந் தேதி கொச்சியில் பிரம்மபுரம் கிடங்கில் பற்றிய தீ ஏறக்குறைய பன்னிரண்டு நாள் எரிந்து நகரத்தையே புகையில் மூழ்கடித்தது. பசுமைத் தீர்ப்பாயம் அந்த நகராட்சிக்கு விதித்த அபராதம் நூறு கோடி ரூபாய்!

குப்பைத் தீ ஏன் அவ்வளவு எளிதில் அணைவதில்லை? சோறும் காய்கறித் தோலும் இலையும் காற்றுப் படாமல் அடியில் அழுகும்போது, சாண எரிவாயுவில் இருக்கும் அதே மீதேன் வாயு உண்டாகிறது. அதற்கு மேல் எரியத் தயாராய் பிளாஸ்டிக், ரப்பர், துணி. போதாததற்கு, நாம் தூக்கி எறிந்த பழைய பாட்டரிகள். ஒரு பொறி போதும். வெளியே சுடர் தெரியாமல் பல அடி ஆழத்தில் கனன்றுகொண்டே இருக்கும். மேலே வீசும் தண்ணீர் சந்து பொந்துகளில் வழிந்து கீழே போய்விடும், தீயைத் தொடாது. பொக்லைன் இயந்திரத்தால் மேட்டைக் கிளறி, பரப்பி, நனைத்து, மண்ணால் மூட வேண்டும். அத்தனை நேரமும் நச்சுப் புகைக்கு நடுவே நிற்பவர்கள் யார்? நம் தீயணைப்பு வீரர்கள்.

வண்டி வண்டியாய்க் கொட்டிய தண்ணீர் என்ன ஆயிற்று? குப்பையின் சாற்றோடு கலந்து, கருத்து, நாற்றமெடுத்து, தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடுகிறது. தாழ்ந்த இடத்தில் இருப்பது குளம். குளத்துக்குக் கீழே வாய்க்கால். வாய்க்காலுக்குக் கீழே ஆறு. "எங்கேலே போகும்? ஆத்துக்குத்தான்" என்று தாத்தா சொன்னாரே, அதுதான்.

ஆகையால், தீயணைப்புப் படை எவ்வளவு நல்ல நுரையும் நுண்துளிக் குழாயும் வாங்கினாலும், இந்தத் தீயில் அதன் முயற்சி பாதிதான் பலிக்கும். மற்றப் பாதி நம் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. ஈரக் குப்பையைத் தனியே எருவாக்கினால் மீதேன் இல்லை. பிளாஸ்டிக்கைத் தனியே கொடுத்தால் எரி பொருள் இல்லை. பாட்டரியைத் தனியே ஒப்படைத்தால் பொறி இல்லை. குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும், திறந்த வெளியில் கொளுத்தக் கூடாது என்று 2016-ஆம் வருஷத்து மத்திய ஸர்க்கார் விதிகள் திட்டமாய்ச் சொல்லின. சட்டம் சொல்லியும், வாளியில் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டி வாசலில் வைக்கிற நாம், புகை வரும்போது மட்டும் நகராட்சியைக் குறை கூறுவது எந்த நியாயம்?

மலையும் பறவையும்

ஆற்றின் தலை பொதிய மலையில் இருக்கிறது. 1988-இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது, அலட்சியமாய் எறிந்த பீடித் துண்டு ஒன்று ஒரு மலைச் சரிவையே பொசுக்கிவிடும். சரிவு பொசுங்கினால் மழைநீரைப் பஞ்சு போல் பிடித்து வைக்கும் மண் போயிற்று. சாம்பல் ஓடையில் இறங்கிற்று. ஆகவே வனத்துறையார் கோடைக்கு முன்பே காய்ந்த புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறார்கள். 2018 மார்ச்சு 11-ஆந் தேதி தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேறச் சென்ற இளைஞர் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்க முடியுமா?

முக்கூடலுக்குச் சமீபத்திலேயே திருப்புடைமருதூர் இருக்கிறது. கடனா நதி தாமிரவருணியோடு கூடும் இடம். அங்கே ஆற்றங்கரை மருத மரங்களில் கூடு கட்டும் கொக்கு, நாரைகளுக்காக 2005-இல் பாரத தேசத்திலேயே முதலாவது பாதுகாப்புக் காப்பிடம் (கன்ஸர்வேஷன் ரிஸர்வ்) அமைக்கப்பட்டது. அதே ஜில்லாவில் கூந்தன்குளத்து ஜனங்கள், தங்கள் குளத்துக்கு வரும் பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைக்காகச் செய்த தியாகம் ஊரையும் காக்கிறது. பட்டாசு இல்லாத ஊரில் கூரைக்கும் படப்புக்கும் பட்டாசினால் ஏது பயம்?

தீப்படைக்கு வெள்ளத்தில் வேலை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் பெய்த மழையை எண்ணினால் இன்னும் நெஞ்சு நடுங்குகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்து மழை ஒரு நாளில்! ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுவிட்டது. தாமிரவருணி கரை புரண்டு தெருக்களில் ஓடிற்று. அப்போது மீட்புப் படைகளோடும், படகு கொண்டுவந்த மீனவர்களோடும் சேர்ந்து உழைத்தவர்கள் நம் தீயணைப்பு வீரர்கள். 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்' என்று அந்தத் துறைக்குப் பெயர் இருப்பது வீணல்ல.

உலகம் வெப்பமாகி வருகிறது. வெப்பம் மிகுந்தால் கோடையில் தீயும் மிகும். கடலிலிருந்து ஈரமும் மிகுதியாய்க் கிளம்பிப் பேய்மழையாகக் கொட்டும். இரண்டுக்கும் ஓடவேண்டியது அதே சிவப்பு வண்டி. அந்த வண்டியே டீசல் புகை கக்கிக்கொண்டு ஓடுவதைக் குறைக்க வேண்டாமா என்று சில நகரங்கள் யோசித்தன. அமெரிக்காவில் மாடிஸன் நகரம் 2021-லும், லாஸ் ஏஞ்சல்ஸ் 2022-லும் மின்சாரத்தால் ஓடும் தீயணைப்பு வண்டியைப் பணியில் அமர்த்தின. விலை அதிகம். நம் ஊருக்கு அது அவசரமில்லை என்பது என் அபிப்பிராயம். நிலையத்துக் கூரையில் சூரிய மின்சாரம், முற்றத்தில் மழைத் தொட்டி, வீரனுக்கு நல்ல சுவாசக் கருவி, ஊரில் தூர்க்காத குளம் ஆகியவை முதலில் வரட்டும். மின்சார வண்டி பின்னால் வரலாம்.

சிறுவனுக்குப் பதில்

தீயணைப்பவர் செய்யக்கூடிய சுற்றுப்புறத் தொண்டுகள் எல்லாவற்றிலும் சிறந்தது எது? தீ உண்டாகாமல் தடுப்பதே. பற்றாத தீக்குத் தண்ணீர் செலவில்லை, புகையில்லை, கரிச்சாறு இல்லை, வீரனுக்கு அபாயமும் இல்லை. ஆனால் அந்தத் தொண்டு அவர்களால் மட்டும் ஆகாது. படப்பை வீட்டை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போடுவது, பழைய மின்கம்பிகளை மாற்றுவது, குப்பையைப் பிரிப்பது, காய்ந்த புல்லில் நெருப்பு எறியாமலிருப்பது, குளத்தைக் காப்பது ஆகிய எல்லாம் குடும்பஸ்தர்களாகிய நம் கையில் இருக்கின்றன. அப்படியும் தீ நேர்ந்தால் 101 அல்லது 112 என்ற எண்ணைக் கூப்பிடத் தாமதிக்கலாகாது. வண்டி வர வழி விட்டு வைப்பதும் நம் கடமை.

"தாத்தா, அந்தத் தண்ணியெல்லாம் எங்கே போச்சு?"

மேல் முக்கூடலில் நின்று அந்தப் பிள்ளை கேட்கிறான். ஆற்றுக்குத்தான் போகிறது, தம்பி. நெல்லையைக் கடந்து, சீவலப்பேரியில் சிற்றாற்றோடு கலந்து, ஸ்ரீவைகுண்டம் அணையில் தேங்கி, புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. வழியில் எத்தனையோ வீடுகளில் உன்னைப் போன்ற பிள்ளைகள் அதைக் குடிக்கிறார்கள். அவர்கள் குடிக்கத் தக்கதாக அது போய்ச் சேர வேண்டும். அதற்கான வேலையை நாளைக்குக் காலையில் நம் வீட்டுக் குப்பை வாளியிலிருந்தே தொடங்கலாம்.